முப்பத்தோராம் பக்கம்

ரூவி, மஸ்கத்
12 நவம்பர் 1994

தம்பி ஸஹ்ரானுக்கு,

ஸலாம். சேதி உண்டா? இங்கே சேதி ஒன்றுமில்லை, எல்லாம் நலம். வழக்கத்தை முடித்துவிட்டேன். இனி உண்மையான சேதிக்கு வருகிறேன்.

என் கையேடு இரண்டாம் பதிப்புக்குப் போகிறது. வியாபாரத்துக்கு ஓமான் வருகிறவர்கள், ஊர் பார்க்க வருகிறவர்கள், இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துக்கொள்ள நினைக்கிறவர்கள், எல்லாரும் அதை விமான நிலையத்திலேயே வாங்கிவிடுகிறார்களாம். மார்ச்சில் அச்சு. மாற்ற வேண்டியதை இப்போதே மாற்றச் சொல்லிவிட்டார் பதிப்பாளர். விசா விதிகள், மூடிவிட்ட இரண்டு ஹோட்டல்கள், கோடையில் மாறும் அலுவலக நேரம், இதெல்லாம் என் மேசையிலேயே முடிந்துவிடும். முப்பத்தோராம் பக்கம் மட்டும் உன்னைக் கேட்காமல் முடியாது.

பத்து மாதமாக நீ என்னோடு பேசவில்லை. ருஸ்தாக் மருத்துவமனையில், கையில் கட்டோடு படுத்துக்கொண்டு நீ சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. “உன் புத்தகம்தான் எங்களத் தண்ணிக்குள்ள தள்ளுச்சு. போ, போய் இன்னொண்ணு எழுது.” நான் எழுந்து வந்துவிட்டேன். வந்தது என் தப்பு. என் முகத்துக்கு நேராக அப்படிச் சொன்னது உன் தப்பு. இரண்டையும் ஒரு ஓரமாக வைத்துவிட்டு எனக்கு ஒரு பதில் எழுது.

அந்த வியாழக்கிழமை காட்டாற்றில் என்ன நடந்தது? போலீஸ் அறிக்கையில் ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. பதினெட்டு வருஷமாக மலையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு அந்த வரி பொருந்தவில்லை. நான் நம்பவும் இல்லை.

உன் வலது கை எப்படி இருக்கிறது? அஸ்ஸாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம் சொல்.

உன் அக்கா,
ரையா

•

ருஸ்தாக்
20 நவம்பர் 1994

அக்காவுக்கு,

ஸலாம். இங்கும் சேதி ஒன்றுமில்லை. எழுத்து கோணலாக இருக்கும், இடது கையால் எழுதுகிறேன். கையைப் பற்றி நீ கேட்டதற்கு இதுவே பதில்.

வண்டி போன பிறகு தீவனக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். பொழுது போகாமல் உன் கையேட்டை மறுபடி படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். குவளையை ஆட்டிக் காட்டும்வரை காப்பி ஊற்றிக்கொண்டே இருப்பார்கள் என்று போட்டிருக்கிறாயே, அது தெரியாமல் பதினோரு குவளை குடித்த ஜெர்மன்காரர் ஒருவரை நான் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். வழியில் ஒரு மரத்தையும் விடவில்லை மனிதர். மூன்றாவது குவளைக்கு முன்னால் வியாபாரப் பேச்சை எடுக்காதீர்கள் என்பதும் சரி. வீட்டுக்காரர் பொருளை ரொம்பப் புகழாதீர்கள், கழற்றிக் கொடுத்துவிடுவார் என்பதும் சரி. ‘இன்ஷா அல்லா’ என்று சொன்னால் ஒப்பந்தம் முடிந்துவிட்டதாக ஊருக்குத் தந்தி அடிக்காதீர்கள் என்று எழுதியதற்குத்தான் இங்கே கடைவீதியில் உன்மேல் கொஞ்சம் கோபம்.

முப்பத்தோராம் பக்கம் எனக்கு மனப்பாடம். ‘விருந்துக்கு அழைத்தால் மறுக்காதீர்கள். தாமதமாகவும் போகாதீர்கள். உங்களுக்காக அங்கே ஓர் ஆடு குழியில் வெந்துகொண்டிருக்கும். வராத விருந்தாளி அந்த வீட்டுக்கு ஒரு அவமானம்.’ அன்று நான் ஏற்றிப்போன ஹாலந்துக்காரர் டெக்கர் இதைச் சிவப்பு மையால் கோடிட்டு வைத்திருந்தார். வண்டியில் என் காதருகே மூன்று தரம் படித்துக் காட்டினார்.

அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. தண்ணீர் ஓடியது, நான் வண்டியை இறக்கினேன். கவனக்குறைவு என்றே போட்டுக்கொள். ஆற்றுக்கு அக்கரையில் ஹஜீருக்கு மட்டும் ஆள் அனுப்பாதே. என் மச்சானிடம் எதுவும் கேட்காதே. அஸ்ஸாவுக்கு இருப்பது ஒரே அண்ணன்.

ஸஹ்ரான்

•

ரூவி
29 நவம்பர் 1994

தம்பி,

நான் ஹஜீருக்கு ஆள் அனுப்பவில்லை. ஹாலந்துக்குக் கடிதம் போட்டேன்.

கோபப்படாமல் படி. டெக்கரின் மனைவி லோட்டா பதில் எழுதியிருக்கிறாள். அவருக்கு இடுப்பு எலும்பு கூடிவிட்டது, ஊன்றுகோலோடு நடக்கிறார், பேரீச்சைத் தோட்டங்களுக்கான தண்ணீர் பம்பு வியாபாரத்தை மருமகனிடம் விட்டுவிட்டார். உன்மேல் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லையாம். நீதான் அவளை இலந்தை மரக்கிளை வரைக்கும் தூக்கிவிட்டாய் என்றும், அதற்காக வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் உன் கை நசுங்கியது என்றும் எழுதியிருக்கிறாள். இதை நீ எனக்குச் சொல்லவே இல்லை. படித்துவிட்டு அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் அழுதேன்.

அடுத்து அவள் எழுதியிருப்பது இது. ‘நாங்கள் கரையில் நின்றபோது எதிர்க்கரையில் ஒருவர் வந்து நின்றார். இரண்டு கைகளையும் உயர்த்தி, வாருங்கள் வாருங்கள் என்று எங்களை அழைத்தார். அதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தைரியம் வந்தது.’

அந்தக் கரையில் ஆற்றை ஒட்டி இருப்பது ஒரே ஒரு வீடு, ஸஹ்ரான். நீ யாரைக் காப்பாற்றுகிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இனி நீயே உன் வாயால் சொல்.

ரையா

•

ருஸ்தாக்
10 டிசம்பர் 1994

அக்காவுக்கு,

சொல்லித் தொலைக்கிறேன். படித்துவிட்டுக் கிழித்துப்போடு.

டெக்கர் பம்பு விற்க வந்தவர். ஹஜீரில் முப்பது தோட்டம் இருக்கிறது, ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாரையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றார். மச்சான் ஹுமைத் விருந்துக்கு அழைத்தார். நாங்கள் ஆற்றுக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை. தலைக்குமேல் வெயில். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே ஓடியது, ஆனால் நிறம் மாறியிருந்தது. மலையில் பெய்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்றேன். டெக்கர் முகம் வாடிவிட்டது. “பெரியவங்கல்லாம் காத்திட்டிருப்பாங்க இல்லையா, ஸஹ்ரான்? லேட்டாப் போனா அவமானம்னு போட்டிருக்கே?” என்று உன் புத்தகத்தை எடுத்தார். நான் என்ன சொல்ல? எங்கள் வீட்டுச் சோறு வேண்டாம், திரும்பிப் போவோம் என்று நானே ஒரு விருந்தாளியிடம் சொல்லவா?

அப்போதுதான் மச்சான் அந்தப் பக்கம் வந்து நின்றார். அவர் மட்டும் என்ன செய்வார்? வாசலுக்கு வந்த ஆளைப் பார்த்து ‘வராதே’ என்று சொன்ன வாய் அந்த வம்சத்திலேயே கிடையாது. இரண்டு கையையும் தூக்கினார். “வாங்க, வாங்க, வீடு உங்க வீடு!” என்று கத்தினார். நான் வண்டியை இறக்கினேன். நடு ஆற்றில் தண்ணீர் வந்தது.

இன்னொன்றும் எழுதுகிறேன், நீ சிரிப்பாய். இருநூறு அடி கீழே என்னைக் கரைக்கு இழுத்துப் போட்டவர் மச்சான்தான். மூச்சு வாங்க என்மேல் குனிந்து, “சேதி உண்டா?” என்று கேட்டார். கை தொங்குகிறது, வண்டி போய்விட்டது, விருந்தாளி எங்கே என்று தெரியவில்லை. நான் சொன்னேன், “சேதி ஒண்ணுமில்ல, எல்லாம் நல்லதுதான்.” பிறகு இரண்டு பேரும் எழுந்து டெக்கரைத் தேடி ஓடினோம்.

இதை நீ அச்சில் போட்டால் ஹுமைத் என்ற மனிதர் விருந்தாளியைச் சாவுக்கு அழைத்தவர் ஆகிவிடுவார். அந்தப் பெயரோடு அவர் ஊரில் இருக்க முடியாது. அஸ்ஸா என் முகத்தில் விழிக்க மாட்டாள். போட்டால் நீ என் வீட்டு வாசலை மிதிக்காதே. இது என் முடிவு.

ஸஹ்ரான்

•

ரூவி
2 ஜனவரி 1995

தம்பி,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மூன்று வாரம் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். சிரிக்கவும் செய்தேன், நீ சொன்னது போலவே. அந்த ‘எல்லாம் நல்லதுதான்’ இருக்கிறதே, அதை நம் ஆட்களைத் தவிர உலகத்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் முடிவும் சொல்கிறேன். நான் போடப் போகிறேன்.

முதலில் என் குற்றம். காட்டாற்றைப் பற்றி நான் எழுதாமல் இல்லை. ‘ஆற்றில் நிறம் மாறிய தண்ணீர் ஓடினால், அது கணுக்கால் அளவே இருந்தாலும் இறங்காதீர்கள். வெயில் அடித்தாலும் நம்பாதீர்கள். மழை உங்கள் தலையில் பெய்ய வேண்டியதில்லை.’ இது ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் இருக்கிறது, வாடகை வண்டி, பெட்ரோல், ஒட்டகம் குறுக்கே வருவது இவற்றுக்கு நடுவில். விருந்துக்குப் போகிறவன் முப்பத்தொன்றைப் படிக்கிறான். ஐம்பத்தெட்டுக்கு அவன் வரவே மாட்டான். அவனை அவமானத்தைச் சொல்லிப் பயமுறுத்தினேன், ஆற்றைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. மருத்துவமனையில் நீ சொன்னது பாதி உண்மை. அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

மீதிப் பாதியும் இருக்கிறது. அந்த ஆற்றங்கரையில் ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லைச் சொல்ல மூன்று பேர் இருந்தீர்கள். விருந்தாளிக்கு வெட்கம், ஓட்டுநருக்கு வெட்கம், வீட்டுக்காரருக்கு வெட்கம். யாருமே கெட்டவர்கள் இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது! வருகிறவர்களிடம் மட்டும் ‘இறங்காதீர்கள்’ என்று எழுதினால் போதாது. எதிர்க்கரையில் நாம் கையைத் தூக்கி நின்றால் அவர்கள் நம்மைத்தான் நம்புவார்கள், தண்ணீரை நம்ப மாட்டார்கள். இந்தக் குளிர்காலம் எத்தனை வண்டி மலைக்குப் போகிறது என்று உனக்கே தெரியும்.

இதோடு புதிய பக்கத்தை வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயரும் இல்லை, ஆள் பெயரும் இல்லை. ஆனால் நடந்தது நடந்தபடி இருக்கிறது, ஆற்றில் தண்ணீர் வந்தால் வீட்டுக்காரரே ‘வராதே’ என்று சொல்லலாம் என்பதும் இருக்கிறது. நீயே இதை ஹுமைத் அண்ணனிடம் எடுத்துப்போய்ப் படித்துக் காட்டு. அவர் முகத்தைப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்க எனக்கும் பிடிக்கவில்லை. நீ போகாவிட்டாலும் மார்ச்சில் புத்தகம் வரும்.

உன் வாசலை மிதிக்காதே என்றாய். சரி, மிதிக்கவில்லை. அதற்காக எழுதாமல் இருக்க மாட்டேன்.

ரையா

•

ருஸ்தாக்
21 ஜனவரி 1995

அக்காவுக்கு,

போனேன். நீ கேட்டதற்காக அல்ல. நீ எழுதிய பக்கத்தை அஸ்ஸா என் சட்டைப் பையில் கண்டுபிடித்துப் படித்துவிட்டாள். மறுநாள் காலை என் செருப்பை எடுத்து வாசலில் வைத்து, “எங்கண்ணன்கிட்ட நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?” என்றாள்.

ஆறு காய்ந்து கிடந்தது. மச்சான் வீட்டு வரவேற்பறையைப் பார்த்தால் உனக்கு மனசு தாங்காது. பாய் சுருட்டி வைத்திருக்கிறது. ஒரு வருஷமாக ஒருத்தரையும் விருந்துக்கு அழைக்கவில்லையாம். அந்த ஊரில் இது எல்லாருக்கும் தெரிகிறது, யாரும் கேட்பதில்லை. எனக்காகப் பாயை விரித்தார், காப்பி போட்டார். சேதி உண்டா என்றார். நான் ஒன்றுமில்லை என்றேன். பிறகு, “உண்டு மச்சான்” என்றேன். அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

படித்துக் காட்டினேன். முடிக்கும்வரை அவர் குவளையைக் கீழே வைக்கவில்லை.

“மாப்ள, உனக்கு ஒண்ணு சொல்லணும்” என்றார். “அன்னிக்கி நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஆடெல்லாம் ஆத்தவிட்டு மேட்டுக்கு ஏறிடுச்சு. நான் பாத்தேன். தண்ணி வருதுன்னு எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுமா கூப்பிட்டீங்க?”

“உங்களப் பாத்ததும் கை தானாத் தூக்கிருச்சு. வராதேன்னு சொல்ல எனக்குப் பழக்கமே இல்லடா. ஒரு வருசமா இந்தக் கையப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன்.”

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, அறைய வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. “பேர் எதுவும் போடல மச்சான், அக்கா கவனமாத்தான் எழுதியிருக்கு” என்றேன். அதற்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது.

“பேர் போடாட்டி எவனோ ஒரு முட்டாள்னு படிச்சிட்டுப் போயிருவானுக. என் பேரப் போடச் சொல்லு. இந்த மலை முழுக்க என் வீட்டுச் சோறு தின்னவன் இருக்கான். ஹுமைத்தே வராதேன்னு சொல்லலாம்கிறான்னா, நாமளும் சொன்னா என்னன்னு நாலு பேருக்குத் தோணும். உங்கக்கா படிச்சவதானே, இது தெரியாதா?”

நான் முடியாது என்று வாதாடினேன். மூன்று குவளை குடிக்கும்வரை வாதாடினேன். அவர் அசையவில்லை. கடைசியில், நோன்புப் பெருநாள் முடிந்ததும் நீ விருந்துக்கு வர வேண்டும் என்று சொல்லச் சொன்னார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் அழைக்கிற முதல் ஆள் நீதான்.

வாசல் விஷயத்தை மறந்துவிடு.

தம்பி,
ஸஹ்ரான்

•

ரூவி
27 பிப்ரவரி 1995

அன்புத் தம்பிக்கு,

நோன்பு நல்லபடியாகப் போகிறதா? மார்ச் ஒன்பது, வியாழக்கிழமை, கட்டாயம் வருகிறேன். உன் எழுத்து முன்னைவிட நேராகிவிட்டது, கவனித்தேன்.

ஒரு சிக்கல். பெயரைப் போட்டால் அவரே கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டாவது வேண்டும் என்கிறார் பதிப்பாளர். “நாளைக்கு அவங்க ஆளுங்க வந்து என் கடையில உக்காந்துக்கிட்டா யார் காப்பி போடறது?” என்கிறார். சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் கையெழுத்து வராவிட்டால் பெயரில்லாத பக்கம்தான் போகும். மச்சான் சொன்னதுதான் சரி, பெயரில்லாத பக்கத்துக்கு உயிரே இல்லை. அதனால் வியாழக்கிழமை எனக்குச் சோற்றைவிடக் கையெழுத்து முக்கியம். அதை அவரிடம் சொல்லிவிடாதே.

பர்காவில் ஹல்வா வாங்கிக்கொண்டு வருகிறேன். வழக்கம்போல் ருஸ்தாக் பெட்ரோல் பங்க்கில் அந்த மலையாளி டீக்கடையில் கொஞ்சம் நிறுத்துவேன். பத்து மணிக்கு அங்கே இருப்பேன், பன்னிரண்டுக்கு ஹஜீரில். உன்னைப் பார்த்து ஒரு வருஷம் ஆயிற்று. திட்டுவதற்கு நிறைய வைத்திருக்கிறேன்.

அக்கா

•

ஹஜீர்
9 மார்ச் 1995, காலை எட்டு மணி

அக்கா,

நானும் அஸ்ஸாவும் பிள்ளைகளும் நேற்றே மச்சான் வீட்டுக்கு வந்துவிட்டோம். அவசரமாக எழுதுகிறேன். தீவன லாரிக்காரர் இப்போதே ருஸ்தாக் போகிறார். உன்னை டீக்கடையில் பிடித்து இதைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

மலை உச்சி கறுத்திருக்கிறது. இங்கே ஒரு துளி இல்லை, ஆறு காய்ந்துதான் கிடக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் வாயைத் திறக்கவே இல்லை. நீ வர வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. மச்சான் விடியற்காலையிலிருந்து வாசலுக்கும் ஆற்றுக்குமாக நடந்துகொண்டிருந்தார். குழியில் ஆடு நேற்றிலிருந்து வேகிறது. ஊரில் பன்னிரண்டு பேரை அழைத்துவிட்டார். திடீரென்று உள்ளே வந்து, “காயிதம் கொண்டா, நானே எழுதுறேன்” என்றார். எழுதும்போது அவருக்கு வேர்த்தது. கீழே இருப்பது அவர் கை.

*என் சகோதரி ரையாவுக்கு, ஸலாம். இன்று என் வீட்டுக்கு வராதீர்கள். மலையில் மேகம் நிற்கிறது. விருந்து தயார், இருந்தாலும் வராதீர்கள். ஆறு வந்து வற்றட்டும், பிறகு வாருங்கள். என் வீட்டில் இன்னும் ஆடுகள் இருக்கின்றன. ஹஜீர் ஹுமைத் பின் ராஷித்.*

•

ருஸ்தாக், பெட்ரோல் பங்க் டீக்கடை
9 மார்ச் 1995, பதினொரு மணி

தம்பி,

லாரிக்காரர் சீட்டைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். மலையில் மேகம் கலைந்ததும் திரும்பி வருவாராம், அப்போது இது உன் கைக்கு வரும்.

முதலில் எனக்குச் சுரீரென்றது. உன் கோபத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், நாற்பத்தாறு வயதில் ஒரு வீட்டிலிருந்து ‘வராதே’ என்று எனக்குச் சொல்லப்படுவது இதுதான் முதல் தடவை. கன்னம் சூடாகிவிட்டது. பிறகு இரண்டாம் தரம் படித்தேன். அழுகை வந்துவிட்டது. டீக்கடைக்காரர் பயந்துபோய், “என்னாச்சு சேச்சி, கெட்ட சேதியா?” என்று கேட்டார். நல்ல சேதி என்றேன், அவர் நம்பவில்லை.

இங்கே வெயில் கொளுத்துகிறது. மலைப் பக்கம் பார்த்தால் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கூட வந்த ஓட்டுநர், “ஆறு காஞ்சுதான் கெடக்கும் அக்கா, போய்ப் பாத்துட்டு வந்துருவோம்” என்கிறார். பாவம், இவ்வளவு தூரம் வந்த என்னை வெறும் வயிற்றோடு திருப்பிக் கூட்டிப்போக அவருக்கு மனசில்லை. வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டேன். இன்று தண்ணீர் வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் அந்தப் பன்னிரண்டு பேரும் மச்சானைக் கேலி செய்வார்கள். செய்யட்டும். அவர்களிடம் என் பெயரைச் சொல், வருத்தமே இல்லாமல் திரும்பினாள் என்று சொல்.

பதிப்பாளர் கேட்ட கையெழுத்து கிடைத்துவிட்டது. நான் எழுதிய பக்கத்தை எடுத்துவிடுகிறேன். அவர் எழுதிய சீட்டையே, அவர் கையெழுத்திலேயே, முப்பத்தோராம் பக்கத்தில் போடுகிறேன். அதன் கீழே ஒரே ஒரு வரி சேர்ப்பேன்: ‘இப்படி ஒரு சீட்டு உங்களுக்கு வந்தால் திரும்பிப் போங்கள், உங்களை மதிக்கிற வீடு அது.’

ஹல்வா டப்பாவை லாரிக்காரரிடம் கொடுத்திருக்கிறேன், பிள்ளைகளுக்கு. அவர் வழியிலேயே திறந்துவிடாமல் பார்த்துக்கொள்.

இந்தக் கடிதம் வரும்போது மச்சான் காப்பி ஊற்றிக்கொண்டிருப்பார். வழக்கப்படி சேதி உண்டா என்று கேட்பார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிடாதே, ஸஹ்ரான். உண்டு என்று சொல். அக்கா வரவில்லை என்று சொல்.

ரையா